குன்றேறாமாவும் பாமன்கடையும்: தொகைச்சொல்லின் அசையும் ஓசையும்

வெள்ளவத்தையிலிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே செல்லும் பஸ் வண்டியில் ஏறியிருப்போர் ஓர் ஊர்ப்பெயரை மூன்று விதமாகக் கேட்டல் கூடும். நடத்துநர் 'பாமன்கட' என ஈற்றைக் குறுக்கிக் கூவுவார். பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பெண்மணி 'பாமங்கடை'யில் இறங்க வேண்டும் என்பார். கையில் தமிழ்ப் பத்திரிகை வைத்திருக்கும் மாணவனோ எழுத்தை எழுத்தாகவே படித்துப் 'பாமன் - கடை' என இரண்டாக நிறுத்துவான். அவ்வாறு நிறுத்தியவர்களுள் நானும் ஒருவன். பாமன் என்றொரு முதலாளி முன்னொரு காலத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பில் கடை வைத்திருந்தார் என்றே பத்து வயது வரை நம்பியிருந்தேன்.

அந்நம்பிக்கை சிறுபிள்ளைத்தனமானது எனினும் இலக்கணத்துக்கு மாறானது அன்று. பொன்னும் குடமும் புணர்ந்தால் பொற்குடம் ஆகும். னகரம் றகரமாகத் திரியும். ஆயின் உயர்திணைப் பெயரின் ஈற்றில் நிற்கும் னகரம் வல்லினம் வருமிடத்தும் இயல்பாகவே நிற்கும் என்பது நன்னூலார் காட்டும் நெறி. 'பாமற்கடை' என்னாது 'பாமன்கடை' என எழுதியமையால், முன்னிற்பது ஒரு மனிதனின் பெயர் என்று தமிழ்க் காது தானாகவே முடிவு செய்துவிடுகின்றது. சிங்களத்தில் இப்பெயரின் ஈற்றில் நிற்பது 'கட' என்பது. அச்சொல் துண்டையும் உடைப்பையும் குறிக்கும். தமிழிலிருந்து அம்மொழிக்குச் சென்ற கடை என்னும் சொல்லும் தொகையில் அதே வடிவைப் பெறும். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு ஐகார ஈறு கொடுத்து, ஓர் ஆளையும் முன்னே நிறுத்தி வைத்தது தமிழ் எழுத்து. இரண்டு சொல் சேர்ந்து ஒரு சொல்லாகும்போது அதனை எவ்விடத்திற் பிரிப்பது, குரல் எவ்விடத்தில் ஊன்றுவது என்னும் வினா எங்கள் ஒழுங்கையிலேயே கிடக்கின்றது. அவ்வினா தமிழிலக்கண வரலாற்றில் நடந்து வந்த வழியை இக்கட்டுரை நோக்குகின்றது.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் புணரியலை இரண்டு வியப்பான சூத்திரங்களுடன் முடிக்கின்றார். அதுவரை எந்த எழுத்து எந்த எழுத்தோடு எவ்வாறு புணரும் என விதித்துக்கொண்டே வந்தவர், இறுதியில் விதியின் எல்லையைத் தாமே சொல்கின்றார். எழுத்து ஒரே வகையாக நின்று பொருள் மட்டும் வேறுபடும் புணர்ச்சிகள் உள. அவை இசையினால் வேறுபடும் என்பது முதற் சூத்திரத்தின் கருத்து. அத்தகையன குறிப்பினாற் பொருள் உணரப்படுவன. இன்ன எழுத்து வரும் என்று அவற்றுக்கு வரையறை கூற இயலாது என்பது அடுத்ததன் கருத்து. எழுத்துக்கு இலக்கணம் வகுத்தவரே எழுத்தினால் ஆகாத ஒன்று உண்டென ஒப்புக்கொண்ட இடம் இது. இவ்விரு சூத்திரங்களையும் நாம் வகுப்பில் விரைந்து கடந்துவிடுகின்றோம் என்பது எனது எண்ணம்.

உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் உதாரணங்களுள் இரண்டு போதும். செம்பொன்பதின்தொடி என்பது ஒன்று. செம்பொன் பதின்தொடி எனப் பிரித்தால், செம்பொன்னின் அளவு பத்துத் தொடி. செம்பு ஒன்பதின்தொடி எனப் பிரித்தால் பொன் செம்பாகிவிடும். எண்ணும் ஒன்று குறையும். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே இச்சொல் எழுத்தில் மட்டும் இருந்தால் வழக்கு மன்றத்துக்குத்தான் போக நேரும். மற்றையது குன்றேறாமா. குன்று ஏறு ஆமா என்றால் மலையேறும் காட்டுப் பசு. குன்று ஏறா மா என்றால் மலையேறாத விலங்கு. ஒரே ஐந்து எழுத்துக்கள். ஒன்று ஏறுகின்றது, மற்றது ஏறவில்லை.

ஈண்டு அசையை நோக்குதல் வேண்டும். குன்-றே-றா-மா என அலகிட்டால் நான்கும் நேரசை. எப்பொருளிற் சொன்னாலும் இந்நான்கே. அசையின் எல்லை சொல்லின் எல்லையோடு பொருந்தவில்லை. குன்று என்பதன் குற்றியலுகரம் கெட, எஞ்சிய றகர மெய் அடுத்த சொல்லின் ஏகாரத்தில் ஏறி 'றே' ஆகிவிட்டது. முதற்சொல்லின் உடலும் இரண்டாம் சொல்லின் உயிரும் ஒரே அசைக்குள் குடியிருக்கின்றன. செம்பொன்பதின்தொடியிலும் இவ்வாறே 'பொன்' என்னும் அசையின் நடுவில், பகர மெய்க்கும் ஒகர உயிருக்கும் இடையில், ஒரு பொருளுக்குரிய சொல்லெல்லை மறைந்து கிடக்கின்றது. தமிழில் தொகைச்சொல்லின் பொருத்து அசைக்கு வெளியே நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அது அசையைப் பிளந்துகொண்டும் நிற்கும்.

யாப்பிலக்கணத்தார் இதனை நன்கு அறிந்திருந்தனர். சீர் செய்யும் பொருட்டுச் சொல்லை இடையிலே அறுத்துச் சேர்ப்பதனை அவர்கள் வகையுளி என்றனர். அவர்களுக்கு அது குற்றமன்று, பாட்டின் நடை. முதலாண்டிலே ஒரு வெண்பாவைச் சீர்சீராக நிறுத்தி நான் வாசித்தபோது விரிவுரையாளர் கையுயர்த்தி நிறுத்தி, "சீர் உமக்கு, சொல் எங்களுக்கு எங்கே?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. சீரையும் சொல்லையும் ஒரே மூச்சில் கேட்கச் செய்யும் வாசிப்பு ஒன்று இருந்திருத்தல் வேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவ்வாசிப்பின் சுவடுகள் உரைகளில் உள்ளன. எடுத்தல், படுத்தல், நலிதல் என உரையாசிரியர்கள் ஓசையைப் பாகுபடுத்தினர். வந்தான் என்னும் வினைமுற்று, படுத்துச் சொல்ல வந்தவனைக் குறிக்கும் பெயராகும் என்பர். எழுத்தில் ஒரு புள்ளியும் மாறாது, குரல் தாழ்ந்தமையால் வினை பெயராகின்றது. தொகைச்சொற்களைப் பற்றிய தொல்காப்பியரின் பேச்சிலும் இதே நோக்கைக் காணலாம். தொகை எதுவாயினும் அது ஒரு சொல்லாகவே நடக்கும் என்கின்றார் அவர். பொருள் முன்மொழியில் நிற்கலாம், பின்மொழியில் நிற்கலாம், இரண்டிலும் நிற்கலாம், இரண்டிலுமின்றிப் பிறிதொன்றில் நிற்கலாம் எனவும் வகுக்கின்றார். நான்காவதே அன்மொழித்தொகை. பொற்றொடி உடைந்தது என்றால் வளையல். பொற்றொடி வந்தாள் என்றால் வளையல் அணிந்த பெண். இத்தொகை இறுதிச்சொல்லில் நின்று இயலும் என்று நூல் கூறுவதனை, ஈற்றுச் சொல்லின் ஓசை வேறுபாட்டோடு பொருத்தி விளக்கும் உரைமரபும் உண்டு.

எடுத்தல், படுத்தல், நலிதல் என்னும் மூன்றும் வடமொழியாரின் உதாத்தம், அநுதாத்தம், ஸ்வரிதம் என்பவற்றுக்கு நேர்நிற்றலின், இக்கொள்கை முழுவதும் அங்கிருந்து வந்தது என்று கூறி அமைவாரும் உளர். பாகுபாட்டின் பெயர்கள் வந்திருக்கலாம். வடமொழியில் தொகையின் ஓசை உயிர் காக்கும் பொருளாகவே கருதப்பட்டது. இந்திரனைக் கொல்ல ஒரு புதல்வனை வேண்டித் துவட்டா வேள்வி செய்த கதையைப் பதஞ்சலியின் மாபாடியம் நினைவூட்டுகின்றது. 'இந்திரசத்துரு' என்னும் தொகையில் ஈற்றில் எழ வேண்டிய ஓசை முதலில் எழுந்துவிட்டது. இந்திரனைக் கொல்பவன் எனப் பொருள்பட வேண்டிய சொல், இந்திரனைக் கொல்வோனாக உடையவன் என அன்மொழித்தொகையாகிவிட, பிறந்த விருத்திரன் இந்திரனாலேயே மாண்டான். ஆயினும் அம்மொழியின் ஓசை சொல்லுக்கு இயற்கையாய் உரியது. வேதம் ஓதுவோர் அதனைக் குறியிட்டுக் காத்தனர். தமிழில் இசை என்பது புணர்ச்சியின் ஐயம் தீர்க்க எழுவது. அதற்குக் குறியீடு இல்லை. தொல்காப்பியர் தம் சூத்திரத்தில் இசை என்னும் தமிழ்ச்சொல்லொன்றையே வைத்து நிறுத்தியமை கருதத்தக்கது.

குறியீடு இன்மையின் விளைவை ஏட்டுச் சுவடியை ஒருமுறை கண்டவர் உணர்வர். சொல்லிடையே இடைவெளி இல்லை. மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவம். வரி எங்கே முடிகின்றதோ அங்கே எழுத்தும் நின்று, அடுத்த வரியில் தொடரும். கண்ணினால் மட்டும் படிக்க முடியாத நூல் அது. வாய்விட்டு ஓதினாலன்றிச் சொல் பிறவாது. ஓதுபவன் எங்கே மூச்சு விடுகின்றான், எங்கே குரல் எடுக்கின்றான் என்பதே அவன் கொண்ட பொருள்.

அச்சு இதனை மாற்றியது. 1847 இல் மழவை மகாலிங்கையர் எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றினார். 1851 இல் ஆறுமுக நாவலர் நன்னூல் விருத்தியுரையைப் பதிப்பித்தார்; உரைநடையில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளிகளை ஒழுங்காகப் பயன்படுத்தி, மூச்சு நின்ற இடத்தைத் தாளில் நிறுத்தியவரும் அவரே. சேனாவரையம் 1868 இல் நாவலர் பரிசோதிக்கச் சி. வை. தாமோதரம்பிள்ளையால் வெளிவந்தது. பின்னர், புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புக்களுடன் தொல்காப்பியத்தைச் சுன்னாகத்தில் நா. பொன்னையா அச்சிட்டார், எழுத்ததிகாரம் 1937 இலும் சொல்லதிகாரம் 1938 இலும் வந்தன. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புக்களை வெளியிட்டபோது, புலவர் துணையின்றியும் பழம்பாட்டைப் படிக்கலாம் என்னும் நிலை தோன்றியது. என் போன்றோர் சங்கப் பாட்டைத் தொட முடிந்தது அத்தகைய பதிப்புக்களினாலேயே. ஆதலின் குறை கூற எனக்கு உரிமை குறைவு. ஆயினும் ஒன்று சொல்லலாம். சந்தி பிரிக்கும் பதிப்பாசிரியர் குன்றேறாமாவை எதிர்கொண்டால், அது ஏறுகின்றதா இல்லையா என அவரே தீர்மானித்துவிட வேண்டும். இரு பொருளும் ஓர் ஓசையில் இருந்த சொல், ஒரு பொருளோடு அச்சாகின்றது.

எழுத்தில் ஓசையின் வேலையை ஓரளவு செய்வது வல்லினம் மிகுதல் ஒன்றே. காய்கறி என்றால் காயும் கறியும். காய்க்கறி என்றால் காயினால் ஆகிய கறி. இடையே நிற்கும் ககர மெய் முதற்சொல்லின் ஈற்றசையை அடைத்து, இது உம்மைத்தொகை அன்று என அறிவிக்கின்றது. ஊறுகாய், சுடுகாடு போன்ற வினைத்தொகைகளில் அது மிகாது. இம்மெய்யைத் தேவையற்ற பழம்பொருளெனக் கருதி விளம்பரப் பலகைகளிலும் பத்திரிகைத் தலைப்புக்களிலும் விட்டுவிடுவோர் இன்று பலர். மூக்குக் கண்ணாடியை வீசிவிட்டு எழுத்து மங்கலாகத் தெரிகின்றது என்பார் செயல் அது.

மேனாட்டார் நோக்கு சற்று வேறு. 1856 இல் வெளிவந்த தமது ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், திராவிட மொழிகளுக்கு அழுத்தம் இல்லை என்னும் பொதுக்கூற்றை அப்படியே ஏற்கவில்லை. சொல்லின் முதலசையே அழுத்தத்தின் இயல்பான இடம் என்றும், தொகையாயின் இரண்டாம் உறுப்பின் முதலசையும் ஒரு துணை அழுத்தம் பெறும் என்றும் அவர் கருதினார். அவர் சொன்னவாறு 'குன்றேற் - ஆமா' என ஆகாரத்தில் மெல்ல ஊன்றிச் சொல்லிப் பார்த்தால் பசு மலையேறிவிடும். தொல்காப்பியர் இசை என்று விட்டுச் சென்றதை, அவர் அறியாமலே, ஓர் அயலவர் அசையில் வைத்துக் காட்டினார் எனலாம்.

கால்டுவெல்லின் இவ்விதி நோர்வே மொழிக்கு எழுதப்பட்டது போலவே தோன்றும். அங்கே தொகைச்சொல்லின் முதலுறுப்பு முதன்மை அழுத்தமும், இரண்டாம் உறுப்பு துணை அழுத்தமும் பெறும். அதற்கு மேலும் ஒரு சுரவேறுபாடு உண்டு. உழவர் என்னும் பொருளுடைய சொல்லும், அவரைக்காய்கள் என்னும் பொருளுடைய சொல்லும் வாயில் ஏறத்தாழ 'பொன்னெர்' என ஒன்றாகவே ஒலிக்கும். முதலாம் சுரத்தில் உழவர், இரண்டாம் சுரத்தில் அவரை. பழைய நோர்ஸ் மொழியில் ஓரசையாய் இருந்த சொற்கள் பெரும்பாலும் முதற் சுரத்தையும், பல அசையாய் இருந்தவை இரண்டாம் சுரத்தையும் பெற்றன என்பர் மொழிநூலார். எழுத்தில் தொகையை ஒட்டியே எழுத வேண்டும். இடைவெளி விடுவது பிழை. 'லம்மெலோர்' என ஒட்டினால் ஆட்டுக்குட்டியின் தொடையிறைச்சி. 'லம்மெ லோர்' எனப் பிரித்தால் முடங்கிய தொடைகள். இறைச்சிக் கடைப் பலகையில் இப்பிழையைக் கண்டு நகைப்பது அந்நாட்டார் பொழுதுபோக்குகளில் ஒன்று.

நமது சாரியை போன்ற ஒன்று அவர்களிடமும் உண்டு. குழந்தையைக் குறிக்கும் 'பார்ன்' என்பதும் தோட்டத்தைக் குறிக்கும் 'ஹாகெ' என்பதும் சேரும்போது இடையில் ஓர் எகரம் தோன்றிப் 'பார்னெஹாகெ' ஆகும். பாலர் பள்ளி என்பது பொருள். புளியங்காயில் அம் வருவதை ஒத்தது இது. ஆனால் வரியின் ஈற்றில் சொல்லைப் பிரிக்க நேர்ந்தால் அவர்கள் உறுப்புக்களின் பொருத்திலேயே பிரிப்பர். சொல்லெல்லையே அங்கு அசையெல்லையைக் காவல் செய்கின்றது. குன்றேறாமா நோர்வேயில் பிறந்திருந்தால் 'றே' என்னும் அசைக்கு இடமே இராது.

1956 இல் யாழ்ப்பாணத்து அன்ரனி இராஜேந்திரம் நோர்வே சென்ற நாள் தொட்டு, மீன்பிடித் தொழில் நாடியும் கல்வி நாடியும், பின்னர்ப் போரினால் துரத்தப்பட்டும், நம்மவர் பலர் அங்கே குடியேறினர். எனது பெரியம்மாவின் மகனும் ஒஸ்லோவில் இருக்கின்றார். மொழி வகுப்பில் சொற்களைப் படிக்க ஓராண்டு, அவற்றை எங்கே ஊன்றுவது என்று படிக்க ஐந்தாண்டு ஆயிற்று என்பார் அண்ணா. எழுத்துச் சரியாக இருந்தும் எதிரில் நிற்பவர் முகத்தில் பொருள் தோன்றாத கணத்தை அவர் பலமுறை விவரித்திருக்கின்றார்.

அக்கணம் கொழும்பில் சிரிப்போடு முடியவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் அதனைச் சூழ்ந்த இடங்களிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, வீதியில் மறிக்கப்பட்டவர்களிடம் வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு கேட்டனர் என்பதைத் தப்பியோர் பலர் பதிந்துள்ளனர். அச்சொல்லின் முதலெழுத்து, 'கம்பம்' என்பதன் இடையிற் கேட்கும் பகரம் போன்ற அதிர்வொலி. தமிழ்ச்சொல்லின் முதலில் அவ்வொலி வருவதில்லை; நமது எழுத்தும் அதனை வேறுபடுத்துவதில்லை. நாக்கு வழுவினால் ஆள் இன்னார் என்பது வெளிப்பட்டுவிடும். இவ்வளவுக்கும் அது சிங்களச் சொல்லுமன்று. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். விவிலியத்தில் எப்பிராயீமியரைப் பிரித்தறியச் 'சிபோலேத்து' என்று சொல்லச் சொன்ன செய்தியை நியாயாதிபதிகள் ஆகமத்திற் படிக்கின்றோம். அதை நாம் பழங்கதையாகப் படிக்க இயலாது.

எழுத்து காட்டாத ஒலிவேறுபாடு நமது ஊர்ப்பெயரிலும் உண்டு. 'அவன் கடை' என்று நிறுத்திச் சொல்லும்போது ககரம் வல்லொலியாகவே நிற்கும். 'பாமங்கடை' எனச் சேர்த்துச் சொன்னால் அது 'மாங்காய்' என்பதில் கேட்கும் ககரம்போல் அதிரும். பொருத்து கரைந்து முழுவதும் ஒரு சொல்லாகிவிடும். பேச்சு, பாமன் முதலாளியை என்றோ இறக்கிவிட்டது. எழுத்துத்தான் அவரை இன்னும் கடையில் உட்கார்த்தி வைத்திருக்கின்றது. கொட்டாஞ்சேனையில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். சிங்களத்தில் 'கொட்டஹேன' என நிற்பதைத் தமிழர் சேனையாக்கி, சகரத்துக்கு இனமான ஞகரத்தை இடையில் வைத்து, மாங்காயைப் போலவே முழுத் தமிழ்த் தொகையாக்கிவிட்டனர். வெள்ளவத்தையில் நிற்பது கடற்கரை மணலைக் குறிக்கும் 'வெல்ல'. எழுத்தைப் பார்க்கும் நம்மவர் கண்ணுக்கோ வெள்ளமும் வெள்ளையும் தோன்றும்.

எனது அம்மம்மா 1983 க்கு முன்பே இவ்வொழுங்கையில் குடியிருந்தவர். அதன்பின்னும் இங்கேயே இருப்பவர். புணரியலை அவர் படித்ததில்லை. ஆயினும் சிறுவயதில் என்னைக் கடைக்கு அழைத்துச் செல்லும்போது ஒரு பாடம் சொல்லித் தந்தார். "பஸ்சுக்குள்ள 'கட' எண்டு சொல்லு மோனை. கடைசியை இழுக்காதை." ஓர் ஐகாரத்தை விட்டுவிடும் அந்தப் பயிற்சி எதற்கென்று அப்போது விளங்கவில்லை, விளையாட்டென்று நினைத்தேன். சென்ற மாதம் ஒஸ்லோவிலிருந்து அண்ணாவின் ஆறு வயது மகள் தொலைபேசியில் அவருடன் கதைத்தாள். அம்மம்மா இருக்கும் ஊரின் பெயரைச் சொல்ல முயன்று, முதலசையை நோர்வே வழக்கில் ஓங்கி ஊன்றி, 'கடை'யைத் தனியே மெல்ல எடுத்து, 'பா'மன்-கடை என்றாள். கால்டுவெல் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அம்மம்மா சிரித்துவிட்டு, "அப்பிடியில்லைப் பிள்ளை, பாமங்கடை" என்று மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார், ஈற்று ஐகாரத்தை நன்றாக இழுத்து. வீட்டின் கதவு சாத்தியிருந்தது.